சகலை சொன்ன காடு

உலகம் கண்ட பெருந்தீக்களை வரிசைப்படுத்திய அறிஞர் பெருமக்கள் அனைவரும் ஒரு தீயை விட்டுவிட்டார்கள் என்பதை மிகுந்த வருத்தத்துடன் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் வருடம் பங்குனிக் கடைசியில், உச்சிப்பொழுதில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டுக்குத் தெற்கே மூன்று குறுக்கம் உடங்காடு, அதாவது மூன்று ஏக்கர் முள் உடைமரக் காடு, பற்றி எரிந்தது. மாநிலத்தில் அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தபடியால் பத்திரிகைக்காரர்களுக்கு நேரமில்லை. சர்க்கார் ஆபீசுகளில் புது மந்திரிகளின் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டி வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. தீ வைத்தவரே பக்கத்தில் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேற்கொண்டு நடக்கப்போகும் அதிசயத்துக்காகக் காத்திருந்தார். அவர் பெயர் தனுஷ்கோடி. அருப்புக்கோட்டை பஜாரில் புண்ணாக்குக் கடை. காடு அவருடையதுதான். தீப்பெட்டியும் அவருடையதுதான். யோசனை மட்டும் அவருடைய சகலையுடையது.

சகலை என்பது நாமாகத் தேடிக்கொள்ளும் உறவு இல்லை. ஒரே வீட்டில் பெண்ணெடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்பிள்ளைகளை ஆயுள் முழுக்க ஒரே தராசின் இரண்டு தட்டுகளில் உட்கார வைக்கும் ஏற்பாடு அது. இங்கே தராசைப் பிடித்திருந்தவர் பாலவனத்தம் பொன்ராஜ். பருத்தி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். ஆண்வாரிசு கிடையாது, இரண்டு பெண்கள். மூத்தவளை வனத்துறையில் வேலையாயிருந்த ராஜகுருவுக்குக் கொடுத்தார். இளையவள் தங்கம்மாளைத் தனுஷ்கோடிக்குக் கொடுத்தார். மூத்தவளுக்குச் சீதனமாகப் பாலவனத்தத்தில் கிணற்றோடு சேர்ந்த தோட்டம் போனது. இளையவளுக்குத் திருச்சுழி ரோட்டில் இந்த உடங்காடு. "ரெண்டும் மண்ணுதான மாப்பிள" என்றார் மாமனார். மண்தான். ஒன்றில் கத்தரிக்காய் காய்த்தது, மற்றதில் முள் காய்த்தது.

இதையெல்லாம் தனுஷ்கோடி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது நாற்காலி. மாமனார் வீட்டில் கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்று உண்டு. ராஜகுரு வருகிறார் என்றால் அது உள்ளறையிலிருந்து தூக்கி வரப்பட்டு, துடைக்கப்பட்டு, கூடத்தின் நடுவில் போடப்படும். தனுஷ்கோடி வந்தால், "ஒக்காருங்க மாப்பிள" என்று மாமனார் பொதுவாகச் சொல்வார். எதன் மேல் என்று சொல்ல மாட்டார். ராஜகுரு கொடைக்கானலிலிருந்து பேரிக்காயும் பிளம்ஸும் கூடையில் கொண்டுவருவார். தெருப் பெண்கள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தனுஷ்கோடி கடையிலிருந்து நல்ல கடலைப் புண்ணாக்கு கொண்டுவருவார். அவர் வருகையில் உளமார மகிழ்ந்தது மாமனார் வீட்டு எருமை மட்டும்தான்.

அறுபத்தாறு தை மாதம் பாலவனத்தத்தில் மாமனார் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். அந்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ராஜகுரு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஸ்வெட்டர் போட்டிருந்தார். தை மாதமானாலும் பாலவனத்தத்தில் பகல் பதினொரு மணிக்கு ஸ்வெட்டர் போட நெஞ்சுரம் வேண்டும். கழுத்தெல்லாம் வியர்வை. கழற்றவில்லை. "மலையிலேயே இருந்து பழகிட்டாருல்ல, ஒடம்பு கேக்கும்" என்று தங்கம்மாள் தன் கணவரிடம் விளக்கினாள். அவர் எதுவும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தது. ராஜகுரு நாற்காலியில் சாய்ந்து, பையிலிருந்து ஒரு காயை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். மரத்தில் செதுக்கினாற்போல், செதில் செதிலாக, வாயை இறுக மூடிக்கொண்டிருந்த காய்.

"பைன் மரத்துக் காய்," என்றார். ஊர் விஷயம் பேசும்போது அவர் பேச்சு நம் பேச்சாக இருக்கும். காட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் புத்தகத் தமிழுக்கு ஏறிவிடுவார். "பிசின் போட்டு ஒட்டியது போல் மூடியிருக்கிறது பாருங்கள் மாமா. வருடக் கணக்கில் இப்படியே கிளையில் தொங்கும். காட்டில் தீப்பிடிக்கும். மரமெல்லாம் கருகும். நாம் அழிந்தது என்று நினைப்போம். அந்தச் சூட்டில்தான் பிசின் உருகி இது வாயைத் திறக்கும். விதை சாம்பலில் விழும். சாம்பல் உரம். மேலே நிழலில்லை, போட்டிக்கு ஆளில்லை. முதல் மழைக்குப் புல்லும் பெரணியும் வரும். அடுத்து, தலையில் மயிர் முளைப்பதுபோல் கன்றுகள் வரும், ஆயிரக்கணக்கில். ஒன்றையொன்று நெருக்கி, வெளிச்சத்துக்காக உயரும். நோஞ்சான் சாகும். வலுத்தது நிற்கும். பத்துப் பதினைந்து வருடத்தில், கோடு போட்டு நிறுத்தியதுபோல் புதுக் காடு. தீ என்பது காட்டுக்குப் பகைவன் அல்ல மாமா." காயை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "மருத்துவச்சி."

வெற்றிலை மென்ற வாய்கள் நின்றன. மாமனார், தன் மூத்த மருமகனே மலையில் நின்று பிரசவம் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தனுஷ்கோடியால் முடியவில்லை. "நம்ம உடமரமும் லேசுப்பட்டதில்ல மாமா," என்றார். "தீ வச்சாலும் சாகாது."

ராஜகுரு அவர் பக்கம் திரும்பினார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "உடங்காட்டுல தீ வச்சா என்ன சகலை வரும்?" என்று நம் தமிழுக்கு இறங்கி, அன்பாகக் கேட்டார். பதில் சொல்ல நேரமும் கொடுத்தார். பிறகு அவரே சொன்னார். "கரி வரும். இஸ்திரிப் பெட்டிக்கு ஆகும்."

கூடமே சிரித்தது. மாமனார் புரையேறிச் சிரித்தார். தனுஷ்கோடியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுக்களை நிலைப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே தங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். குடித்தனம் தொடங்கிய நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. இப்படிச் சிரிக்கத் தெரிந்தவள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

அந்தக் காயை ராஜகுரு கொழுந்தியாளுக்கே கொடுத்துவிட்டார். அது அருப்புக்கோட்டை வந்து, ரேடியோப் பெட்டி மேல், கண்ணன் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. தங்கம்மாள் தினமும் துடைத்தாள். சித்திரை வந்தது. ஒருநாள் மத்தியானம் தனுஷ்கோடி சாப்பிட வந்தபோது, காய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காட்டுத் தீ எதுவும் தேவைப்படவில்லை. அருப்புக்கோட்டை வெயிலே போதுமாயிருந்தது. ரேடியோ உறை மேல் இறக்கை வைத்த சின்ன விதைகள் சிதறியிருந்தன. இதைச் சகலைக்கு எப்படித் தெரிவிப்பது என்று அவர் மனசுக்குள் வாசகம் தேடிக்கொண்டிருக்கும்போதே, தங்கம்மாள் விதைகளைப் பொறுக்கி ஒரு டால்டா டப்பாவில் ஊன்றிவிட்டாள்.

குடத்துத் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஊர் அது. அவள் பாத்திரம் கழுவும் தண்ணீரை மிச்சம் பிடித்து டப்பாவுக்கு ஊற்றினாள். இரண்டு கன்றுகள் முளைத்தன, பச்சை மயிர்போல. அவள் குனிந்து அவற்றோடு ஏதோ பேசுவதைக்கூட அவர் பார்த்தார். ஒரு டால்டா டப்பாவைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்பட முடியுமா என்றால், முடியும். அவர் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த டப்பா அவர் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது. ஆனி மாதம் ஒருநாள் டப்பா கொல்லை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்ந்திருந்தது. கன்றுகள் கருகின. யார் நகர்த்தியது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "நம்ம ஊரு மண்ணுக்கு ஒத்துக்கல போல" என்று மட்டும் சொல்லி, வாய் பிளந்த காயைத் துடைத்து மறுபடி ரேடியோ மேல் வைத்தாள்.

நம்ம ஊர் மண். அந்த வார்த்தை அவருக்குள் போய்த் தைத்துக்கொண்டது.

ஆக, பங்குனியில் தீப்பெட்டியோடு உடங்காட்டுக்குப் போனார். பக்கத்துக் காடு கெடக் கூடாதென்று முதல் நாளே சுற்றிலும் ஏர் ஓட்டச் செய்திருந்தார். அந்தக் காட்டை நம்பியிருந்த ஒரே ஜீவன் செல்லப்பாண்டி. ஆட்டுக்காரன். உடைமரத்து நெற்று, அதாவது காய்ந்த காய், உதிரும் காலத்தில் ஆடுகளை அங்கே விட்டு மேய்ப்பான். பதிலுக்கு விறகு வெட்டிக் கொடுப்பான், காவலும் அவன்தான்.

"மொதலாளி, மரம்பூரா நெத்து காய்ச்சுக் கெடக்கு," என்றான். "ஒரு வாரம் ஆடு தின்னுக்கிடட்டும். அப்புறம் என்ன வேணாலும் செய்ங்க."

"நெத்துல என்னப்பா இருக்கு. நான் காடே உண்டாக்கப் போறேன்."

"இப்ப இருக்கது?"

"இது காடா?" தனுஷ்கோடி குச்சியை உரசினார். அவர் குரல் தானாகவே புத்தகத் தமிழுக்கு ஏறியது. "தீ என்பது பகைவன் அல்ல செல்லப்பாண்டி. மருத்துவச்சி."

செல்லப்பாண்டி அவரை ஒரு பார்வை பார்த்தான். வெயிலில் ரொம்ப நேரம் நின்றவர்களை அவன் அப்படித்தான் பார்ப்பான். பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

காடு எரிந்தது. குடை விரித்தாற்போல் நின்ற மரங்கள் படபடவென்று வெடித்தன. ஒரு கீரியும் சில காடைகளும் ரோட்டைத் தாண்டி ஓடின. சாயங்காலம் கரி மட்டும் இருந்தது, சகலை சொன்னபடியே. இஸ்திரிக்காரன் ஒருவன் எங்கிருந்தோ கேள்விப்பட்டு இரண்டு சாக்குகளோடு வந்து சேர்ந்தான். தனுஷ்கோடி அவனை விரட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் திருச்சுழி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆடிக் காற்று சாம்பலை அள்ளிப் பக்கத்துக் காட்டில் கொட்டியது. பக்கத்துக் காட்டுக்காரனின் கம்பு அந்த வருடம் நன்றாக விளைந்தது. ஐப்பசி மழை நாலு தூற்றலோடு போய்விட்டது. கோரை வந்தது. தனுஷ்கோடி குந்தி உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். "மொதல்ல புல்லு. சரியா சொன்னபடி வருது" என்று வீட்டில் சொன்னார். நெருஞ்சி வந்தது. எருக்கு வந்தது. அடுத்த வருடம் ஆவாரை பூத்தது. "இது பெரணி மாதிரின்னு வச்சுக்கயேன்" என்றார். உடைமரத்து அடிக்கட்டைகளில் சில துளிர்த்தன. பக்கத்து ஊர் ஆடுகள் வந்து கடித்துவிட்டுப் போயின. கன்று வரவில்லை. மயிர்போல், ஆயிரக்கணக்கில் வரவில்லை. மாமனாருக்குச் சேதி போய்விட்டது. "சின்ன மாப்பிள காட்டக் கொளுத்திட்டாராம்ல, எதுக்காம்?" என்று பாலவனத்தத்தில் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. தங்கம்மாளுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பி வந்தவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதை அவள்தான் எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அறுபத்தெட்டு ஐப்பசிவாக்கில் பச்சைப் பெயிண்டில் ஏதோ எழுதிய சாக்கு ஒன்று மொட்டை மாடியில் வற்றல் காயப்போட விரித்திருந்தது. அதைத் தாண்டி அவர் பலமுறை நடந்திருக்கிறார். பொறாமைக்காரனுக்குத் தூரப்பார்வை கூர்மை. காலடியில் இருப்பது தெரியாது.

அறுபத்தொன்பதில் அது வந்தது. மெல்லிய இலையோடு, வளைந்து நெளிந்து, கிட்டக் கிட்ட, ஆயிரக்கணக்கில். உடை இல்லை. சீமைக்கருவை. அந்த மரத்தைக் கண்டால் இன்று ஊரே வைகிறது. அப்போது அதை விதைக்கச் சொல்லி சர்க்கார் ஆளனுப்பிக்கொண்டிருந்த காலம். எந்த மரமானால் என்ன, தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பலில் முளைத்த காடு. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்காக உயர்ந்தது. பைன் மரத்துக்குப் பதினைந்து வருடம் ஆகுமாம். இது மூன்றே வருடத்தில் ஆளை மறைத்தது.

எழுபத்திரண்டு பொங்கலுக்கு அவர் ஒரு வாடகைக் கார் பிடித்தார். மாமனார், ராஜகுரு, தங்கம்மாள் மூவரையும் ஏற்றிக்கொண்டு உடங்காட்டுக்குப் போனார். ஜமுக்காளம் விரித்து, நன்னாரி சர்பத் கொடுத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, புல்லிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் விளக்கினார். மருத்துவச்சி வரைக்கும் போனார். ராஜகுரு முன்னைவிடச் சற்று வற்றியிருந்தார். ஸ்வெட்டர் அதேதான். எழுந்து போய்க் கீழே கிடந்த ஒரு நெற்றை எடுத்து ஒடித்து, விதையை நகத்தால் கீறிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இது..." என்று வாயைத் திறந்தார்.

சர்பத் ஊற்றிக்கொண்டிருந்த தங்கம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு பார்வை.

தன் ஆயுளில் திறந்த வாயைப் பேசாமல் மூடியறியாத ராஜகுரு வாயை மூடினார். "நல்லா வந்திருக்கு சகலை," என்றார்.

"சாதிச்சுட்டீகளே மாப்பிள," என்றார் மாமனார்.

அன்று சாயங்காலம் பாலவனத்தத்தில் கை வைத்த நாற்காலி தனுஷ்கோடிக்குப் போடப்பட்டது. உட்கார்ந்தார். அதில் மூட்டைப்பூச்சி இருந்தது. ஆனாலும் அவரை நெளிய வைத்தது மூட்டைப்பூச்சி அல்ல. அந்தப் பார்வை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் புழங்க வேண்டிய ஒன்று, சர்பத் கிளாசுக்கு மேலே வேறு பக்கம் போய்விட்டு வந்ததைத் தன் கண்ணால் பார்த்திருந்தார். தப்பாக எதுவும் இல்லை. அது அவருக்கும் தெரியும். தப்பாக இருந்திருந்தால்கூட ஊரைக் கூட்டிக் கத்தலாம். இது அப்படி இல்லை. இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்குத் தெரியாது. அவ்வளவே. அந்த அவ்வளவே அவரை ஒரு மாதம் அரித்தது.

செல்லப்பாண்டிதான் முடிச்சை அவிழ்த்தான், தன்னையறியாமல். மாசி மாதம் புண்ணாக்கு வாங்கக் கடைக்கு வந்தவன், "அம்மாட்டச் சொல்லி இன்னொரு மூட வெத வாங்கிக் குடுங்க மொதலாளி," என்றான். "எங்க ஊருக் கம்மாக்கரையில போட்டா ஆட்டுக்கு ஆகும். சீமக்கருவ நெத்துன்னா ஆடு உசிர விடுது."

"எந்த அம்மா? எந்த மூட?"

"நம்ம வீட்டு அம்மாதான். காடு எரிஞ்ச மறுவருசம் ஒருநா நீங்க சரக்கெடுக்க விருதுநகர் போயிருந்தீக. பச்சப் பெயிண்டுல எழுதுன மூடயோட பஸ்ஸுல வந்து எறங்குனாக. கொடைக்கானல் அய்யா வனத்துற ஆபீசுல சொல்லி வாங்கி அனுப்பி விட்டதாம். ரெண்டு பேருமா வெதச்சோம். நான் ஆட்ட விட்டு மிதிக்க வச்சேன். 'அவுகளுக்குத் தெரிய வேணாம், தானா மொளச்சதா இருக்கட்டும்'னாக." கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்குச் சந்தேகம் வந்தது. சமாதானமாகச் சொன்னான். "இத்தன வருசமா வாயத் தொறந்தேனா நானு?"

தனுஷ்கோடி புண்ணாக்கை நிறுத்துக் கொடுத்தார். கூட ஒரு துண்டுப் புண்ணாக்கும் போட்டார். அவன் போனதும் கல்லாவில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவள் தனக்காகத்தான் செய்தாள் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. தன் புருஷன் தோற்றுப்போனான் என்று அவள் தன் அக்காள் புருஷனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். "பாவம் அத்தான், சோறு எறங்க மாட்டேங்குது அவுகளுக்கு" என்று கேட்டிருப்பாள். அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாத்துக்கிடலாம் தங்கம்" என்றிருப்பார். மூன்று குறுக்கத்திலும் நின்றது ஆயிரக்கணக்கான சகலை.

இந்த முறை மருத்துவச்சியைப் பற்றிப் பேச்சில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, எழுபத்துமூன்று தையில் ஆள் விட்டு வெட்டிப் போட்டு, காயவிட்டு, பங்குனியில் கொளுத்தினார். ஓடையோரம் இருந்த பத்துப் பதினைந்து மரங்களுக்கு மட்டும் ஆள் போதவில்லை, அவை தப்பின. முதல் தீயை அதிசயம் பார்க்க நின்றவர், இதை முதுகு காட்டி நின்று கேட்டார். எரியும் சத்தம் மட்டும் போதுமாயிருந்தது.

சாயங்காலம் சட்டையெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தார். தங்கம்மாள் கொல்லையில் வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"தீ நல்லாப் பிடிச்சுச்சா?" என்றாள்.

"பிடிச்சுச்சு."

"குளிச்சிட்டு வாங்க. சோறு வைக்கேன்."

கொல்லை முழுக்க ஒரு புது வாசனை. பிசின் வாசனை. அடுப்புக்குள் பார்த்தார். விறகுகளுக்கு நடுவில், செதில் செதிலாகச் சிவந்து, பூப்போல இன்னும் அகல விரிந்துகொண்டிருந்தது பைன் காய். அவர் மனசறிந்து போட்டாளா, மனசு வெறுத்துப் போட்டாளா என்று அவள் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. ரேடியோ மேல் கண்ணன் பொம்மை அதன் பிறகு தனியாகத்தான் இருந்தது. அவர் விரும்பியது அதைத்தானே. ஆனால் ஒவ்வொரு முறை செய்தி கேட்கும்போதும் கண் அந்த வெற்றிடத்துக்குத்தான் போனது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பெய்யாமல் பெய்த மழை.

கார்த்திகையில் ராஜகுரு பாலவனத்தத்துக்கு வந்தவர், கேட்காமலே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து கடை வாசலில் நின்றார். பென்ஷன் வாங்கிவிட்டார். ஸ்வெட்டர் இல்லை. ஸ்வெட்டர் இல்லாமல் பார்த்தால், கடைக்கு வரும் எந்த மனிதரைப் போலவும் இருந்தார்.

"காட்டுல திரும்ப தீயாம்ல சகலை. பாக்கணும்."

எதற்கு என்று தனுஷ்கோடி கேட்கவில்லை. கடையைப் பூட்டினார். இருவரும் திருச்சுழி பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். தனுஷ்கோடியே மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. கரியைக் காட்டி, "பாருங்க, நீங்க சொன்னதுதான் வந்திருக்கு" என்று ஒரு வாசகத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்.

கரி இல்லை. கரிக்கட்டைகள் இருந்தன, ஒவ்வொரு கட்டையின் கழுத்தைச் சுற்றியும் நாலைந்து துளிர்கள், இடுப்பளவு, பளபளவென்று, விடைத்துக்கொண்டு. ஒன்று நின்ற இடத்தில் நாலு. நடுவில் நடக்க வழியில்லை. ஓடையோரம் தப்பிய மரங்களின் அடியில் செல்லப்பாண்டியின் ஆடுகள் நெற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

ராஜகுரு ஒரு கட்டையருகே குந்தினார். கரியை விரலால் சுரண்டினார். துளிர் கிளம்பிய இடத்தைத் தொட்டார்.

"நெசமாவே வருதே சகலை," என்றார்.

"என்ன நெசமாவே? நீங்கதான சொன்னீக."

"சொன்னேன்." அவர் எழுந்திருக்கவில்லை. குரல் நம் தமிழிலேயே இருந்தது. "கோயமுத்தூர்ல ட்ரெயினிங்ல ஒரு ஆபீசர் படம் போட்டுக் காட்டுனாரு. எந்தத் தேசமோ. மல எரிஞ்சு கருத்துக் கெடந்துச்சு, அடுத்த படத்துல பச்சயா இருந்துச்சு. அதான் சொன்னேன். நான் எங்க சகலை பாத்தேன். எனக்கு நாத்தங்கால்லதான வேல. பையில மண்ண அடைக்கிறது, தண்ணி ஊத்துறது, எண்ணி வண்டியில ஏத்துறது. எங்க பைனு பூராம் கையால நட்டது. அதுல தீப்பிடிச்சா என் வேலயில்ல போயிரும். தீ வந்துறக் கூடாதேன்னு கும்புட்டுக்கிட்டே சர்வீச முடிச்சேன்." துளிரை விட்டுக் கையை எடுத்தார். "ஒங்களுக்குக் குடுப்பின. ரெண்டு தடவ பாத்துட்டீக."

நிமிர்ந்து பார்த்த அந்த முகத்தைத் தனுஷ்கோடி உடனே அடையாளம் கண்டுகொண்டார். கண் ஓரம் சற்றே இடுங்கி, உதடு சிரிக்க முயன்று கோணி, பார்வை மட்டும் அடுத்தவன் பொருளை விட்டு நகராமல். தினமும் காலையில் சவரக் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.

எத்தனை வருடமாகக் காத்திருந்த முகம். அதைப் பார்த்ததும் நெஞ்சு நிறையும் என்று நினைத்திருந்தார். நிறையத்தான் செய்தது. ஆனால் கூடவே, வெந்நீர் அடுப்பும் குந்தியிருந்த ஒரு முதுகும் ஞாபகத்துக்கு வந்தன.

"வெத நல்ல வெத," என்றார் தனுஷ்கோடி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

ராஜகுரு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவர் காதோரம் மெல்லச் சிவந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கரிக்கட்டைகளின் மேல் துளிர்கள் காற்றில் அசைந்தன. சகலைகள் இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று, தீயிலிருந்து எழுந்த அந்தக் காட்டைப் பார்த்தார்கள். தனுஷ்கோடி தொண்டையைச் செருமிக்கொண்டார். புத்தகத் தமிழ் தானாக வந்து நாக்கில் நின்றது. "தீ என்பது..." என்று ஆரம்பித்தார்.

செல்லப்பாண்டியின் ஆடுகள் அதற்குள் நெற்றைத் தின்று முடித்துவிட்டு, அடுத்தவன் காட்டில் போய் விதையோடு புழுக்கை போட்டுக்கொண்டிருந்தன.